வாடகைக் குரல்

மற்றவர்கள் பொறாமையை மூடி மூடிச் சொல்வார்கள். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் வராது. என் ஓரகத்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் ஒரு மைக்கால்.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதுசு. காஜா பெராங்கில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். என் வீட்டுக்காரர் மூத்தவர். மாமியார் கண்ணை மூடியபோது நாத்தனார் பாவாடையை இடுப்பில் நிறுத்தத் தெரியாத சின்னப் பிள்ளை. அவளுக்குத் தலை வாரி, பேன் பார்த்து, காய்ச்சலில் பக்கத்தில் படுத்து வளர்த்தவள் நான். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் நலங்கு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து சந்தனம் பூசித் தேங்காய் உருட்டி விளையாடும்போது, பெண்களெல்லாம் சுற்றி உட்கார்ந்து சம்பந்தி வீட்டைக் கிண்டலடித்துப் பாடுவோமே, அந்தப் பாட்டு. அடியை அங்கேயே கட்டி அங்கேயே பாடுவேன். நான் கூடத்தில் வாயைத் திறந்தால் ரோட்டில் போகிற சைக்கிள் நிற்கும்.

அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நாத்தனார், "அண்ணி, என் நலங்குக்கு நீங்கதான் பாடணும்" என்பாள்.

"நான் பாடாம வேற எவடி பாடுவா?" என்பேன். இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் மைக் செட்டு வாடகைக்கு விடுகிறவர் சிங்கப்பூரிலிருந்து புதுச் சாமான் இறக்கப் போகிறேன் என்று வீடு வீடாகப் பேச ஆரம்பித்தார். மனுஷர் கெட்டிக்காரர். சாமானை வாங்கிவிட்டு ஆள் தேடமாட்டார், ஆளைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். "என்ன வசதி இருந்தா கூடக் குடுத்து எடுப்பீங்க? சொல்லுங்க" என்று எல்லோரையும் கேட்டார். ஆம்பளைகளுக்கெல்லாம் ஒரே பதில்: சத்தம். குழாயை மரத்து உச்சியில் கட்டினால் அடுத்த கிராமம், எங்கள் பேச்சில் கம்பம், வரைக்கும் கேட்க வேண்டும். சிலர் இரண்டாவது மைக் கேட்டார்கள். கோயில்காரர்கள் குரலைப் பிடித்து வைத்துத் திருப்பிப் போடும் டேப்பு கேட்டார்கள். என் கொழுந்தன் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, "பாடினா கிணத்துக்குள்ள பாடுற மாதிரி திரும்பத் திரும்ப வருமாமே, அந்த எக்கோ வேணும்" என்றார்.

என்னையும் கேட்டார் செட்டுக்காரர். "உங்களுக்கு என்ன வேணும், அக்கா?"

"எனக்கு எதுக்கு? ஆண்டவன் குடுத்த தொண்டை இருக்கு" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

கொழுந்தன் எக்கோ கேட்டது எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. என் ஓரகத்தி பாடுவாள். பாடுவாள் என்றால், அடுப்படியில் முணுமுணுப்பாள். பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால்தான் கேட்கும். நான் அதைப் பாட்டிலேயே சேர்க்கவில்லை. பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானதும் செட்டுக்காரர் புதுச் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்தில் வைத்து, குழாயை முற்றத்து மரத்தில் கட்டிச் சோதித்துப் பார்த்தார். "அக்கா, நீங்க ஒரு அடி பாடுங்க" என்றார். ஜம்பமாக மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பாடினேன். குழாய் 'கீ' என்று அலறியது. முற்றத்தில் மேய்ந்த கோழி கூரைக்குப் பறந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அக்கா."

தள்ளி உட்கார்ந்து பாடினேன். அலறியது. இன்னும் தள்ளினேன். சாமி அறை வாசலுக்குப் போனேன், அங்கிருந்தும் கரகரத்தது. கடைசியில் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து பாடியபோதுதான் சாமான் ஒத்துக்கொண்டது. "இதுதான் உங்களுக்குச் சரியான இடம்" என்றார் அந்தப் புண்ணியவான். அவர் மைக்குக்குச் சொன்னார். எனக்கு முதுகில் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு ஓரகத்தியை உட்காரவைத்தார்கள். உதட்டை மைக்கில் ஒட்டவைத்துக்கொண்டு அதே முணுமுணுப்பைப் பாடினாள். அடியம்மா! மரத்திலிருந்து தேன் வடிந்தது. கொழுந்தன் எக்கோவைத் திருகினார். ஒவ்வொரு அடியும் போய்ப் போய்த் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டுச் செட்டி அக்காகூட வேலிக்கு வந்துவிட்டார். பல தலைமுறைக்கு முன்னால் இங்கே குடியேறிய செட்டிகள், எங்களைப் போலவே சாமி கும்பிடுகிற வீடு அது, பேச்சு மட்டும் மலாய். "செடாப்லா!" என்று மலாயில் மெச்சி அவர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். என் பாட்டை இத்தனை வருஷம் கேட்டவர் ஒருநாளாவது கன்னத்தில் கைவைத்திருப்பாரா? நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்ததையே திரும்பக் களைந்தேன்.

அன்று சாயந்தரம் நாத்தனார் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். விரலில் தாவணி நுனியைச் சுற்றினாள். அப்போதே தெரிந்துவிட்டது.

"அண்ணி, நலங்குக்குச் சின்ன அண்ணி பாடட்டுமா? மாப்பிள்ளை வீட்டுல செட்டு இருக்கான்னு கேட்டாங்க. பாட்டு நீங்க கட்டிக் குடுங்க. நீங்க கட்டினாதான் நல்லா இருக்கும்."

"அதுக்கென்ன, பாடட்டும்" என்றேன். குரல் நடுங்காமல் சொன்னதற்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும்.

அப்புறம் கேட்பானேன். நான் கட்டிய அடியை அவளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். எங்கே இழுப்பது, எங்கே நிறுத்திவிட்டுக் கண்ணால் சிரிப்பது, எல்லாம். அவளும் "சரிக்கா, சரிக்கா" என்று பதவிசாகக் கற்றுக்கொண்டாள். அவள் கொஞ்சம் மக்காக இருந்திருக்கக் கூடாதா? ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொண்டாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்தியும் எழுந்த பிறகு, கூடத்தில் நலங்கு. ஆம்பளைகளெல்லாம் வெளியே பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். செட்டுக்காரர் ஜன்னலோரம் தன் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பரிசாக டேப்பும் பிடிக்கிறேன் என்று அதையும் சுற்றவிட்டிருந்தார். மைக் ஓரகத்தியின் வாயருகே. நான் அடுப்படி நிலைப்படியில், எனக்குச் சரியான இடத்தில்.

ஓரகத்தி ஆரம்பித்தாள்.

"பத்து பெரெண்டாம் சம்பந்தியம்மா பந்தலுக்கு வந்தாங்க,
பட்டுச்சேலை இரவலாம், பவுசு மட்டும் சொந்தமாம்!"

எல்லாச் சம்பந்தியம்மாளுக்கும் பாடுகிற கிண்டல்தான் அது. கூடத்துக்குள் பெண்கள் மட்டும் இருந்து பாடும்போது அந்த அம்மாளும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். ஆனால் குழாய் பந்தலுக்கு மேலே அல்லவா கட்டியிருக்கிறது! ஆம்பளைகள் ஆசைப்பட்டுக் கேட்ட சத்தம். எங்கள் ரோடு முழுக்க, செட்டிக் கம்பம் முழுக்க, 'இரவலாம்... இரவலாம்... இரவலாம்' என்று கொழுந்தனின் எக்கோ தண்டோரா போட்டது. இதில் இன்னொரு கூத்து, அந்தச் சேலை நிஜமாகவே இரவல். அவர் தங்கையுடையது. எனக்குத் தெரியாது. அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பந்தலில் நாற்காலி விழுந்தது. சம்பந்தி எழுந்துவிட்டார். "கூப்பிட்டு வச்சு ஊரைக் கூட்டி அசிங்கப்படுத்துறாங்களா? எந்திரிங்கடா, போவோம்!" ஓரகத்தி பாட்டை விட்டுவிட்டு அழுதாள். அந்த விசும்பலும் குழாயில் போய் எக்கோவில் திரும்பி வந்தது. செட்டுக்காரர் பதறிப்போய் மைக்கின் குமிழை அடியோடு திருகி அடக்கினார். நாத்தனார் கழுத்தில் ஈரம் காயாத தாலியோடு, ஒட்டிய சந்தனத்தோடு, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கடைசியில் அடுப்படிப் பக்கம் என்னைப் பார்த்தாள்.

எனக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி, நல்லா வேணும் என்றாள். அவள்தான் பெரியவள், மறைப்பானேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செட்டி அக்காவுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் பந்துன் என்கிற மலாய்ப் பாட்டைப் பாடிப் பாடி வளர்ந்த வீடு. ஒருத்தர் பாட்டால் குத்தினால் எதிராளி பாட்டால் குத்த வேண்டும், அதோடு கணக்குத் தீர்ந்தது என்பது அவர்கள் வழக்கம். இங்கே ஒரு பக்கம் குத்திவிட்டு மறுபக்கம் சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. என் முழங்காலில் தட்டினார். "பாலாஸ்லா! பாலாஸ்லா!" பதில் பாடச் சொல்கிறார்.

பதில் சொல்ல வேண்டியது மாப்பிள்ளை வீடு. அங்கே பாடுகிறவள் ஒருத்தியும் இல்லை. நான் எழுந்தேன். நிலைப்படியைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சம்பந்தியம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து ஆளாகப் பாடினேன்.

"காஜா பெராங் வீட்டுல அண்ணிமாரு ரெண்டு பேராம்,
பெரியவ வாயத் திறந்தா கப்பலெல்லாம் கரைக்கு வருமாம்,
சின்னவகிட்டப் பாட்டு கத்துக்கக் கொசுவெல்லாம் க்யூ நிக்குமாம்!
பட்டுச்சேலை இரவல்னு பழிக்க வந்த பெண்வீட்டாரே,
பாடுற குரலே வாடகைக்கு, பத்திரமாத் திருப்பிக் குடுங்க!"

யோசித்துக் கட்டியதில்லை. இத்தனை நாளும் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்ததுதான் அடியடியாக வந்தது. மைக் செத்துக் கிடந்தது. அதனால் என்ன? பந்தலில் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. முதலில் சிரித்தது சம்பந்தியம்மாள். தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். வெளியே ஒரு கூட்டமே சிரித்தது. செட்டுக்காரர் அவசரமாகக் குமிழை மறுபடி ஏற்றினார். "அப்படிப் போடு! வாடகைக் குரலாம்ல!" என்று சம்பந்தி கூடத்து வாசலில் வந்து நின்று தொடையைத் தட்டியது குழாயில் போயிற்று. திரும்பிப் போய் விழுந்த நாற்காலியை அவரே நிமிர்த்தி உட்கார்ந்தார். ஓரகத்திகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மனசார இல்லை.

சாமானைக் கட்டும்போது செட்டுக்காரர் என்னிடம் வந்தார். "இப்பச் சொல்லுங்கக்கா, என்ன வசதி வேணும்?"

"பாடுறவ கையிலேயே மூடித் திறக்க ஒரு சுவிட்ச் வையும். எது வெளிய போகணும், எது கூடாதுன்னு அவளுக்குத்தான் தெரியும்" என்றேன். வைத்தார். காஜா பெராங் பெண்கள் அதற்குத்தான் மறுபேச்சில்லாமல் கூடக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு நன்றி கிடையாது.

ஆனால் அதைவிட எனக்கு ஆறாதது அந்த டேப்பு. நாத்தனார் புருஷன் பிறகு ஒரு மெஷின் வாங்கினார். பத்து பெரெண்டாமில் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் போடுவார்கள். தேனாக ஓரகத்தி குரல், விசும்பல், அப்புறம் ஒன்றுமில்லை. மைக்கை அடக்கியவர் டேப்பை நிறுத்த மறந்துவிட்டார். அது பாட்டுக்கு 'உஸ்' என்று சுற்றியிருக்கிறது. கல்யாணத்தைக் காப்பாற்றிய என் பாட்டு அந்த உஸ்ஸுக்குள் போய்விட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வராதவர்களுக்கெல்லாம் பாடியவள் அவள்தான். நான் ஒவ்வொரு தடவையும் விசும்பல் வருவதற்கு முன்பே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன்.

ஒரு தீபாவளிக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க முடியவில்லை. ஓரகத்தியும் பக்கத்தில் இருந்தாள். விசும்பல் முடிந்து உஸ் வந்தது. நாத்தனார் புருஷன், "அவ்வளவுதான்" என்று நிறுத்தக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. பெரிய அண்ணி பாடுறாங்க" என்றாள் நாத்தனார்.

அவள் உதடு மட்டும் அசைந்தது. கப்பல் வந்தது, கொசு வந்தது, சேலை வந்தது. ஒரு அடி விடவில்லை. 'திருப்பிக் குடுங்க' என்று வாயசைத்து முடித்தாள், சரியாக அப்போது மெஷினில் அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரின் சிரிப்பும் வெடித்தது.

ஓரகத்தி சிரிக்கவில்லை. அவள் மெஷினைப் பார்க்கவில்லை, நாத்தனாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பாட்டுக்கு ஒருநாளும் இவ இப்படி வாயசைச்சதில்லையே, அக்கா" என்றாள் மெதுவாக. மைக் இல்லாததால் பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.