சிறுத்தையோடு உள்ளே இருந்தவர்

ஆம்பூரில் பஸ் நிற்கிறது. பிரியாணிக் கடையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்யும் காதர் பாய். ஒருமுறை ஆலங்காயம் காட்டிலிருந்து சிறுத்தை ஒன்று அவர்கள் ஷெட்டுக்குள் புகுந்துவிட்டதாம். அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறேன்.

"இருங்க, எங்க ஷெட்டு மாணிக்கம் வந்துரட்டும். அவன் இல்லாம சொன்னா பாதி பொய்யாப் பூடும்."

பாண்டிச்சேரி நண்பர் கொடுத்த பிரெஞ்சு சமூகவியல் புத்தகம் பஸ் ஸீட்டில் கிடக்கிறது. மனிதன் தனியாக எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை, கூட இருந்தவர்களோடு சேர்ந்துதான் வைத்திருக்கிறான் என்கிறது அது. நான் கதை எழுதுகிறவன். எல்லாம் என் தலைக்குள்ளேயே இருப்பதாக நம்புகிறவன். மதராஸிலிருந்தே அதோடு சண்டை போட்டுக்கொண்டு வருகிறேன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். கையை ஆட்டிப் போகச் சொல்கிறேன். புத்தகம் பெங்களூருக்குப் போகிறது. பிரியாணி இன்னும் சூடாக இருக்கிறது.

மாணிக்கம் கை கழுவிவிட்டு வந்து பாயின் பக்கத்தில் உட்காருகிறார்.

"இன்னா பாய், ஆரம்பிச்சிட்டியா?"

"இல்லப்பா. சிறுத்தையோட உள்ள இருந்தவன் நீதானே."

மாணிக்கம் பாயின் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்துக்கொள்கிறார்.

"அப்போ வெளிய இருந்து கதவ சாத்துனது யாருன்னு நீ மொதல்ல சொல்லு."