அந்த வரியை எழுதியவள் நான்

ரிஸ்வான் காலமான செய்தி வந்தபோது நான் ஆரையம்பதி பஸ்ஸில் கல்லடிப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். மாரடைப்பு, அஸர் தொழுகைக்குப் பிறகு காத்தான்குடியில் நல்லடக்கம் என்றார்கள். எங்கள் ஆய்வுகூடத்தின் கணினிகளை ஆறு வருடம் பராமரித்தவர் அவர்.

புளியந்தீவில் இருந்த அந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் பதிவாளர். ஒரு காலையில் மின்சாரம் போய்வந்ததும் லினக்ஸ் சர்வர் எழவில்லை. ஏதோ ஒரு டிஸ்க்கை ஒன்றரை நிமிடம் தேடிவிட்டுக் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒரு தாய், மகளின் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய அறிக்கையைக் கேட்டு யன்னலருகே அழுதுகொண்டு நின்றாள்.

ரிஸ்வான் வந்தபோது நான் சர்வரை நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கொண்டிருந்தேன். "தங்கச்சி, மெஷினோட சண்டை பிடிக்காதீங்க. அது கடைசியா என்ன சொல்லிட்டு நிண்டதெண்டு வாசிங்க," என்றார். சர்வர் எழும்போது இணைக்கவேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலைத் திறந்தார். அங்கே இல்லாத ஒரு டிஸ்க் அதில் இருந்தது. முந்தின வாரம் பிரதி எடுப்பதற்காக அவரைக் கேளாமலே அந்த வரியைச் சேர்த்தவள் நான். டிஸ்க்கைக் கழற்றினேன்; வரியை மறந்தேன். ஒழுங்காக வேலை செய்கிற நினைப்பில் அதன் மேலே என் பெயரையும் குறித்திருந்தேன்.

அந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரும்படி வரியை மாற்றினார். "மாப்பிள்ளை வரல்லையெண்டாத்தான் கலியாணத்த நிப்பாட்டணும். விருந்தாளி வரல்லையெண்டா நடத்திரணும்," என்று சிரித்தார். பிறகு என் பெயரை அழித்தார். சர்வர் எழுந்தது. அந்தத் தாய்க்கு அறிக்கை கிடைத்தது.

"ஆர்ர வேலை இது?" என்று முகாமையாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். ரிஸ்வான் என்னைப் பார்த்தார். நான் குனிந்து அறிக்கைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"நான்தான் சேர், கவனிக்காம விட்டுட்டன்," என்றார் ரிஸ்வான்.

அந்த மாதத்தோடு அவரை நிறுத்தினார்கள். அவருடைய கவனக்குறைவு என்றுதான், அங்கே என்னோடு வேலை செய்த உங்களில் பலர் இன்றும் நினைக்கிறீர்கள். பிறகு அவர் காத்தான்குடிப் பிரதான வீதியில் கணினி திருத்தும் ஒரு சிறிய கடை போட்டார். மூன்று வருடம் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனேன். ஒருநாளும் இறங்கவில்லை.

நல்லடக்கம் முடிந்து நாலாம் நாள், அவருடைய வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"அண்டைக்கே எனக்கிட்டச் சொல்லிட்டார், தங்கச்சி. அந்தப் பிள்ளை ஒருநாளைக்கு வரும், வந்தா ஒண்டும் கேக்காம தேத்தண்ணி ஊத்திக் குடு எண்டவர்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அந்தத் தேநீரைக் குடித்தேன். ரிஸ்வானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்: நான் வருவேன் என்று அவர் கடைசிவரை நம்பியிருந்தார். நான் வந்தேன், அவர் போன பிறகு.