சில்லு வைத்த வீடும் நாங்கள் மூவரும்

லண்டனுக்கு வந்து முப்பது வருடங்களாக எங்களுக்கு விடுமுறை என்றால் யாரோ ஒரு சொந்தக்காரரின் ஹோலில் மெத்தை விரித்துப் படுப்பதுதான். பாரிஸ் என்றால் என் சித்தி மகள் வீடு. ரொறன்ரோ என்றால் என் கணவருடைய தம்பி வீடு. ஈபிள் கோபுரத்தை நான் இரண்டு முறை கார் ஜன்னலால் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் ஏதோ ஒரு சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் பிந்திப் போய்க்கொண்டிருந்தோம். பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வீட்டைவிட்டுப் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை தேத்தண்ணி குடிக்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தரும் இல்லாத ஒரு இடத்துக்கு ஒருக்காப் போவம்."

"ஏன், ஆரோடையும் கோவமோ?"

"இன்னும் இல்லை. அதுக்கு முதல் போவம் எண்டுதான் சொல்லுறன்."

ஹோட்டல் சரிவராது. மூன்று நாள் சோறு கறி இல்லாவிட்டால் இவருக்கு உலகமே பிழையாகத் தெரியும். அதனால் கரவன் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும், சில்லு வைத்த சின்ன வீடு. முன்பு அதை இழுக்கத் தனியாக ஒரு டெஸ்ட் எடுக்கவேண்டிய ஆட்கள் நாங்கள். சட்டம் மாறி, சாதாரண லைசென்ஸே போதும் என்று ஆகிவிட்டது. இது எங்களுக்கு நல்ல செய்தியாகத்தான் அப்போது பட்டது.

இவர் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரிவரைக்கும் வாசிக்கிற ஒரே மனிதர் இந்த லண்டனில் இவராகத்தான் இருக்கும். நான் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி. மோர்டனைச் சுற்றியுள்ள ஒடுக்கமான தெருக்களில் நாள் முழுதும் கார் ஓட்டுவது என் தொழில். ஆகவே நான் ஓட்டுவது, இவர் வாசிப்பது என்று பேசாமலே பங்கு பிரிந்தது.

முதலில் பார்த்த கரவனுக்குள் ஏறியதும் எலுமிச்சை வாசம் மூக்கைப் பிய்த்தது. "எவ்வளவு துப்புரவா வைச்சிருக்கினம்" என்றேன். இவர் ஜன்னலுக்குக் கீழே குந்தியிருந்து சுவரை விரலால் அமத்திக்கொண்டே போனார். ஒரு மூலையில் விரல் உள்ளே போயிற்று. விற்க வந்தவர், அது சின்ன விஷயம், ஒரு பின்னேரத்தில் சரிசெய்துவிடலாம் என்றார். இவர் விரலை வெளியே இழுத்தார். சுவரிலும் கொஞ்சம் கூடவே வந்தது. கரவனுக்கு ஈரம்தான் எமன், ஈரத்தின் மணத்தை மறைக்கத்தான் இந்த வாசம் என்று திரும்பி வரும் வழி முழுதும் இவர் விளக்கினார். அதன்பிறகு மழை பெய்கிற நாட்களாகப் பார்த்துத்தான் கரவன் பார்க்கப் போனோம்.

நாங்கள் வாங்கியது மோர்டனுக்குப் பக்கத்தில் சட்டன் என்ற இடத்தில், ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம். மனைவிக்கு முழங்கால் ஏலாமல் போனதால் விற்கிறார். உள்ளே நாய் மணம் மட்டும்தான் இருந்தது. நாயும் இருந்தது. அவர் எப்படிக் கொளுவுவது, எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது, கரவன் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது என்று இருபது நிமிடம் என் கணவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் முடித்த பிறகு, ஓட்டப்போவது நான் என்று சொன்னேன். அவர் ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் இவரைப் பார்த்தார். பிறகு மூச்செடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை கொஞ்சம் மெதுவாக.

கடைசியாக, என்ன கார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தெருவோரம் நின்ற என் சின்னக் காரைக் காட்டினேன். "அது இதை இழுக்காது. இதுதான் அதை இழுக்கும்" என்றார். காரின் எடையைப் பார்த்துத்தான் கரவன் தேட வேண்டுமாம். நாங்கள் கரவனைப் பிடித்துவிட்டு அதற்குக் கார் தேடினோம். பாவம், அந்த மனிதர் ஒரு மாதம் பொறுத்திருந்தார்.

எங்கள் வீட்டு முன்றலில் அதற்கு இடமில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் வாடகைக்கு நிறுத்தினோம். ஞாயிறு காலைகளில் அங்கேயே போய்ப் பழகினேன். முன்னுக்குப் போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பின்னுக்கு வருவதுதான். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் கரவன் இடது பக்கம் போகும். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம். இது தெரிந்த விஷயம்தான். தெரிந்திருப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஐந்தாவது நிமிடத்தில் காரும் கரவனும் 'ட' எழுத்துப் போல மடிந்து நின்றன. வேலிக்கு மேலால் இரண்டு குதிரைகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"கையை ஸ்டியரிங்கிலை கீழ்ப்பக்கம் பிடியும்" என்று இவர் எங்கேயோ வாசித்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னார். "கை எந்தப் பக்கம் போகுதோ, கரவனும் அந்தப் பக்கம் போகுமாம்."

"எழுதினவரை வந்து கார் ஓடச் சொல்லுங்கோ."

ஆனால் அது சரியாகத்தான் இருந்தது. நான்கு ஞாயிறுகளுக்குப் பிறகு பத்துத் தடவையில் மூன்று தடவை நினைத்த இடத்தில் விடப் பழகினேன்.

ஏழாவது ஞாயிறுக்குள், நாங்கள் கடற்கரைக்கு மூன்று நாள் போகிற செய்தி கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய்விட்டது. அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிற மச்சாள், அதாவது இவருடைய அக்கா, போன் எடுத்தா.

"தம்பி, நானும் வாறன்."

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். கணவர் இறந்ததிலிருந்து தனியாகக் கடையை நடத்துகிற மனுசி. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கடையைப் பூட்டியதாக எனக்கு நினைவில்லை. எப்படி வேண்டாம் என்பது? "வரச் சொல்லுங்கோ" என்றேன்.

கென்ற் கடற்கரைக்குப் போகிற வெள்ளிக்கிழமை, பண்ணையில் நான் கரவனின் விளக்குகள் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஏணி, தண்ணீர்க் குடம், காஸ் என்று பட்டியலில் சரி போட்டுக்கொண்டிருந்தார். மச்சாள் தன் சாமான்களைத் தானே கரவனின் பின்பக்க அலுமாரிக்குள் ஏற்றினா. உதவிக்குப் போன இவரை, "நீ உன்ரை வேலையைப் பார்" என்று துரத்திவிட்டா.

மோட்டார்வேயில் அரை மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு இறக்கத்தில் பெரிய லொறி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் காற்று பட்டதும் பின்னால் ஏதோ மெதுவாக ஒருக்கால் இழுத்தது. பிறகு மற்றப் பக்கம் இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். கரவன் நாய் வாலாட்டுவதுபோல் ஆடிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முதலாவதைவிடப் பெரிது.

"பிரேக் பிடியும்! பிரேக்!" இவர் கத்தினார்.

பின் சீட்டில் மச்சாள் அம்மாளைக் கூப்பிட்டா. என் காலும் பிரேக்கைத் தேடிப் போனதுதான். ஆனால் சட்டன்காரர் இரண்டு தரம் சொன்னது காதில் விழுந்தது: ஆடினால் பிரேக் பிடிக்காதே, திருப்பாதே, அக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடு. காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து, கரவன் ஒன்றும் நடக்காததுபோல நேராக வந்தது.

அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்திப் பின்பக்க அலுமாரியைத் திறந்தோம். இருபது கிலோ அரிசிப் பை. இடியப்ப உரலும் தட்டுகளும். பத்துத் தேங்காய். மா அரைக்கிற கிரைண்டர், கல்லோடு.

"அக்கா, மூண்டு நாளுக்கு ஏன் இருபது கிலோ அரிசி?" என்று இவர் கேட்டார்.

"கடையிலை சின்னப் பை முடிஞ்சுது" என்றா மச்சாள்.

பாரம் முழுதும் பின் முனையில் இருந்தால் கரவன் வாலாட்டும். நடுவில், சில்லுகளுக்கு மேலே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெளியே இறக்கி, மடக்கு மேசையை விரித்து அதன்மேல் அடுக்கினோம். மச்சாள் வழிக்கென்று சுட்டுக்கொண்டு வந்த வடைச் சட்டியும் வெளியே வந்தது. நாங்கள் பாரத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போதே ஒரு லொறிச் சாரதி வந்து, வடையைக் காட்டி, ஒன்று என்ன விலை என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் மச்சாள் இரண்டு வடையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தா. அவர் போய்த் தன் கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் புறப்படும்போது வடையின் பாரம் முற்றாகக் குறைந்திருந்தது.

கடலோரத்துப் புல்வெளியில் எங்களுக்குத் தந்த இடம் ஒரு வேலிக்கும் இன்னொரு கரவனுக்கும் நடுவே. பின்னால்தான் எடுத்து விட வேண்டும். சுற்றிவர மடக்குக் கதிரைகளில் ஆட்கள். நான் கியரைப் போட்டதும் பலர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்கள்.

கணவர் இடது மூலையில் நின்று கையைக் காட்டினார். மச்சாள் கேட்காமலே வலது மூலையில் போய் நின்றா.

"ரைட்! ரைட்!" என்றா மச்சாள்.

நான் வலப்பக்கம் எடுத்தேன். கரவன் வேலியை நோக்கிப் போனது.

"நிப்பாட்டும்! நிப்பாட்டும்! எங்கை போறீர்?" என்று இவர் ஓடி வந்தார்.

"மச்சாள்தானே ரைட் எண்டவ!"

"நான் சொன்னது வரலாம் எண்டு, பிள்ளை! ரைட் ரைட், வா வா எண்டு!"

எங்கள் ஊர் பஸ் கண்டக்டர்மாருக்கு 'ரைட்' என்றால் 'போகலாம்'. மச்சாளுக்கு இங்கிலீஷில் வலப்பக்கத்துக்கும் அதே சொல்தான் என்பது அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை. இரண்டாவது தடவை அவ வாயை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் வா வா என்று காட்டினா. இவர் அதே நேரத்தில் உள்ளங்கையை விரித்து நில் என்று காட்டினார். மூன்றாவது தடவை 'ட'. பக்கத்துக் கரவன்காரர் தன் கதிரையைத் தூக்கி, நன்றாகத் தெரிகிற பக்கமாக மாற்றிப் போட்டார்.

நான் காரை நிறுத்தி இறங்கினேன்.

"ரெண்டு பேரும் போய்க் கடலைப் பாத்திட்டு வாங்கோ."

"நான் நிக்காட்டில் நீர் எப்பிடி..." என்று இவர் தொடங்கினார்.

"போங்கோ. அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர்கள் போன பிறகு முன்னுக்கு எடுத்து நேராக்கிக்கொண்டேன். கையை ஸ்டியரிங்கின் கீழே வைத்தேன். இரண்டடி பின்னுக்கு. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஏறினேன். இன்னும் இரண்டடி. நோயாளிக்கு ஊசி போடும்போது நான் அவசரப்படுவதில்லை. இதிலும் அப்படியே செய்தேன். பதினொரு தடவை இறங்கி ஏறினேன். கொஞ்சம் சரிவாகத்தான், ஆனால் வேலியிலும் படாமல் பக்கத்துக் கரவனிலும் படாமல் உள்ளே விட்டேன். கதிரைக்காரர் கையைத் தட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கடல் பார்த்துவிட்டு வந்த மச்சாள் கரவனைச் சுற்றிப் பார்த்தா. "பாத்தியே பிள்ளை, நான் சொன்னபடி ரைட்டாலை எடுத்தபடியால்தான் வந்தது."

அன்றைக்கு அவ வைத்த மீன் குழம்புக்கு அந்தப் புல்வெளியில் பாதிப் பேர் மணம் பிடித்து வந்து போனார்கள். மறுநாள் விடிய நான் எழும்பியபோது மச்சாள் கரவன் படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு சும்மா இருந்தா. அவ ஒரு வேலையும் செய்யாமல் இருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "இப்ப கடை திறக்கிற நேரம்" என்றா. ஆனால் எழும்பவில்லை.

இப்போது கரவன் வாங்க நினைக்கிற தமிழர்கள் எங்களுக்குத்தான் போன் எடுக்கிறார்கள். நான் இரண்டு விஷயம் சொல்லுவேன்: முதலில் காரைப் பாருங்கள், கை காட்ட ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இவர் போனை வாங்கிக்கொள்ளுவார். போன கிழமை வெஸ்ட் ஈலிங் கோயிலில் சந்தித்த ஒரு தம்பதிக்கு ஈரம், எடை, ரயர், பாரம் என்று ஒன்றரை மணி நேரம் விளக்கினார். அவர்களும் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். நேற்று மெசேஜ் வந்தது: கூடாரம் வாங்கிவிட்டார்களாம். இன்று காலை பார்த்தால், இவர் கூடாரங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறார்.