எதிர்ப்புச் சக்தி விற்றவர்

கொடைக்கானல் ஏரிச்சாலையில் மலைப்பூண்டும் தேனும் தைலமும் விற்கும் உபகாரத்துக்குத் தன் வாய்மேல் அபார நம்பிக்கை. கொரோனா அடங்கி டூரிஸ்டுகள் திரும்பி வந்ததிலிருந்து அந்த வாய்க்கு ஒரே சொல்தான்: இம்யூனிட்டி.

"நம்ம ரத்தத்துல வெள்ளையணு இருக்குல்லங்க, அது போலீஸ் மாதிரி. அதுக்கு நல்ல சாப்பாடு போட்டீங்கன்னா எந்த நோயும் கிட்ட வராது" என்று அவர் ஆரம்பித்தால், படகுச் சவாரிக்குக் கிளம்பியவர்கள்கூட நின்று கேட்பார்கள். அவர் எட்டாம் வகுப்பு ஃபெயில். வெளியில் சொல்லும்போது மட்டும் 'எட்டு வரைக்கும் படிப்பு' ஆகிவிடும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு டாக்டர்களுக்கே பூண்டு விற்றிருக்கிறார்.

போன சீசனில் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. ஒரு பூண்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் குடையில ரெண்டு பல்லு எடுத்துப் பாலுல வேக வச்சு..." என்றார். எதிரே நின்ற குடும்பம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் திருத்திச் சொல்லப் பார்த்தார். மறுபடியும் குடைதான் வந்தது. மூன்றாவது தடவை எதுவுமே வரவில்லை. வலது கை தானாக உதறத் தொடங்கியது. அப்படியே தேன் பாட்டில்கள்மேல் சாய்ந்தார். நினைவு தப்பும்முன் அவர் மனதில் ஓடியது கர்த்தரும் இல்லை, மனைவி கித்தேரியம்மாளும் இல்லை. 'இம்யூனிட்டி விக்கிறவன் கடை வாசல்லயே இப்படி விழுந்தா யாருடா வாங்குவான்' என்பதுதான். இதைப் பின்னால் அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கத்தில் கட்டி. ஆபரேஷன் செய்து, எடுக்க முடிந்த அளவு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிளையோபிளாஸ்டோமா என்று முடிவு வந்தது. வேகமாக வளரும் மூளைப் புற்று. நல்ல வாய்க்கே வராத பெயர். பூண்டைக் குடை என்கிற வாய்க்கு எங்கே வரப்போகிறது?

தலையில் கட்டோடு அவர் டாக்டர் தாரணியிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தெனமும் பூண்டு திங்கிற ஒடம்புங்க இது. என் எதிர்ப்புச் சக்தியெல்லாம் எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகலங்கய்யா. அங்கயேதான் இருந்துச்சு. உங்க கட்டியில புற்றுச் செல்லு மட்டும் இல்ல, எதிர்ப்புச் செல்லுகளும் நெறைய இருந்துச்சு."

உபகாரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா! சண்ட போட்டிருக்கு!"

"அதான் இல்ல" என்றார் டாக்டர்.

அவர் நிதானமாக விளக்கினார். மூளைக்கென்றே காவல் செல்கள் உண்டு, மைக்ரோகிளியா என்று பெயர். ரத்தத்தின் வழியாகவும் வேறு எதிர்ப்புச் செல்கள் வந்து சேரும். புற்று சில ரசாயனங்களைச் சுரந்து இவற்றைத் தன் பக்கம் இழுக்கிறது. வந்து சேர்ந்தவற்றில் பல, அதை அழிப்பதை விட்டுவிட்டு, ஏதோ புண்ணை ஆற்றுவதுபோல வேலையில் இறங்கிவிடுகின்றன. கட்டி வளர ஊக்கம் கொடுக்கின்றன. புது ரத்தக் குழாய்கள் முளைக்க உதவுகின்றன, பக்கத்தில் பரவ இடத்தை இளக்கிக் கொடுக்கின்றன. புற்றைக் கொல்லக்கூடிய டி செல்கள் வந்தாலும் அவற்றை அடக்கி வைக்கின்றன.

உபகாரம் தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப என் போலீஸு அவனுக்குப் பந்தல் போட்டுப் பந்தி பரிமாறியிருக்கு" என்றார். சொன்னதும் அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தையல் இழுத்து உயிர் போனது. "நாந்தான் அதுகளுக்குப் பூண்டு போட்டு வளத்தேனா?"

"பூண்டு ஒண்ணும் பண்ணலங்கய்யா. கெட்டதும் பண்ணல, இந்தக் கட்டிக்கு நல்லதும் பண்ணல. அந்தச் செல்லுகள மறுபடி நம்ம பக்கம் திருப்ப மருந்து தேடிக்கிட்டிருக்காங்க. இப்போதைக்கு நம்ம கையில இருக்கிறது ரேடியேஷனும் மாத்திரையும்தான். திரும்ப வரக்கூடிய நோய் இது. ஆனா அதைத் தள்ளிப் போடலாம்."

ஊர் திரும்பியதும் பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மாதா கோயில் ஆட்கள் கொண்டுவந்த தேன் பாட்டில்களில் அவர் கடை லேபிளே ஒட்டியிருந்தது. பேத்துப்பாறையில் பூண்டு போடும் நல்லசாமி ஒரு மூட்டையையே இறக்கினார். "நீங்க சொன்னதுதானண்ணே, போலீஸுக்குச் சாப்பாடு போடுங்க." உபகாரம் கையெடுத்துக் கும்பிட்டார். வேறென்ன செய்ய?

பெரிய இடி வீட்டுக்குள்தான் இருந்தது.

"கரண்டு வைக்க வேணாங்க" என்றாள் கித்தேரியம்மாள். ரேடியேஷனுக்கு ஊரில் அதுதான் பெயர். "வச்சா இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போயிரும். பூண்டையும் தேனையும் வச்சே பாப்போம்."

"எவன் சொன்னான்?"

"நீங்கதான். போன வருசம் பூண்டு வாங்க வந்த ஈரோட்டு அம்மாகிட்டச் சொன்னீங்களே. கல்லாவுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

அவர் வாதாடினார். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு ஒரு நாள் ஒழுங்காக வரும், ஒரு நாள் வராது; அன்று வராத நாள். டாக்டர் சொன்னது முழுவதும் தலைக்குள் பத்திரமாகத்தான் இருந்தது, வாய்க்கு வருவதற்குள் பாதி வழியில் தொலைந்தது. செல் என்று சொல்ல வந்தால் செருப்பு என்று விழுந்தது. அவளோ அவருடைய வசனத்தையே எடுத்துத் தங்குதடையில்லாமல் விட்டாள். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே ஒரு விநாடி நிறுத்த வேண்டும் என்பதுகூடப் பிசகவில்லை. இவ்வளவு நன்றாகவா நாம் பேசியிருக்கிறோம் என்று அந்த நிலையிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதற்காக உடனே தன்னைத் திட்டிக்கொண்டார்.

கடைசியில் அவள் கையைப் பிடித்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"கித்தேரி. அந்தாளு... எட்டாவது ஃபெயிலு. அவன் பேச்ச நம்பி... என்னையக் கொன்னுராத."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மறுநாள் வெள்ளனே இருவரும் மதுரை பஸ்ஸில் இருந்தார்கள்.

சிகிச்சையில் இடப்பக்கத்து முடி கொட்டியது. மூளை வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையில் முகம் இட்லி போல உப்பிப் பசி பேயாக எடுத்தது. "நான் சாகப்போறேன்னு அழுதவ, இப்ப அரிசி பத்தலன்னு அழுகுறா" என்று பார்க்க வந்தவர்களிடம் சொன்னார். கடையில் இப்போது கித்தேரியம்மாள்தான் பேசுகிறாள். யாராவது இம்யூனிட்டி என்று கேட்டால், "ரசத்துக்கு நல்லாருக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். வியாபாரம் குறையவில்லை. இது உபகாரத்துக்கு உள்ளூர வருத்தம்தான்.

சிகிச்சை முடிந்து எடுத்த ஸ்கேனில் புதிதாக வளர்ச்சி எதுவும் இல்லை. "இப்போதைக்கு நல்லாருக்கு" என்றார் டாக்டர். அந்த 'இப்போதைக்கு'வை இருவரும் கேட்டார்கள், ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் வழியில், வத்தலக்குண்டு தாண்டிப் பஸ் மலை ஏறத் தொடங்கியது. வளைவுகளில் பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் குமட்டியது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தார். முன் சீட்டிலிருந்த சென்னைப் பெண் ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டினாள்.

"மோந்து பாருங்க அங்கிள். மலைக்குப் புதுசா?"

"ஆமாம்மா" என்றார் உபகாரம், வாயைத் துடைத்துக்கொண்டு. "இப்பத்தான் மொதத் தடவ வர்றேன்."

ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கித்தேரியம்மாள் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.