நாற்பத்தொன்றாவது குழாய்

அலுவலகத்தில் அவனுக்கு மின்னல் என்று பெயர். பாராட்டாகத்தான் வைத்தார்கள். மின்னல் யார் தலையில் விழும் என்று எவரும் யோசிக்கவில்லை.

மருத்துவமனை ஆய்வகங்களுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. சோதனை முடிந்த ரத்த மாதிரிக் குழாய்களில் ஒட்டும் ரத்த வகைச் சீட்டை அச்சடிக்கிற நிரல் மின்னலின் கைவண்ணம். ஒரு தட்டுக்கு நாற்பது குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் விவரம் எடுக்கும் முன்னால், ‘தட்டில் இந்த இடம் என் கணக்கில் உண்டா?’ என்று நிரல் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும். அந்தக் கேள்வி மின்னலின் கண்ணை உறுத்தியது. நாற்பது என்றால் நாற்பதுதானே, எதற்கு வெட்டிக் கேள்வி? தூக்கிவிட்டான்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

“வாசல்ல நின்னு வர்றவன் போறவனையெல்லாம் யாருன்னு கேட்டுக்கிட்டிருந்த வாட்ச்மேன வீட்டுக்கு அனுப்பிட்டேன். இப்ப பறக்குது.”

“கண்டவன் உள்ள வந்துட்டா?” என்றாள் மனைவி.

“நாப்பதுக்கு மேல யாரும் வைக்க மாட்டாங்க. விதிமுறையிலயே இருக்கு.”

“வச்சா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

அந்த வீட்டில் பதில் தீர்ந்துபோகும் இடத்தில் எல்லாம் இந்த வாக்கியம்தான் வரும்.

மிச்சமான நேரம் கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீட்டை வெளியே தள்ளும் அச்சு இயந்திரமோ ஒவ்வொன்றுக்கும் மூன்று வினாடி முக்கி முனகியது. பூட்டிய கடை வாசலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கிற கதைதான். ஆனாலும் நிறுவனம் அவனுக்குக் கேடயம் கொடுத்தது, விளம்பரத்தில் ‘ஈடில்லா வேகம்’ என்று போட்டுக்கொண்டது.

அந்த ஈடில்லா வேகத்தோடு தினமும் மாரடித்தவன் மின்னலின் மைத்துனன். மனைவியின் தம்பி, பெரிய மருத்துவமனையில் ஆய்வக ஊழியன். ஒருநாள் நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்தது. குழாய்கள் வந்து குவிந்தன. ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். நிறைந்த தட்டின் ஓரத்தில் உபரியாக ஒரு குழி இருந்தது. பேருந்து ஓட்டுநரின் குழாயை அவன் அதில் செருகினான். நாற்பத்தொன்றாவது.

பழைய நிரல் ‘இந்த இடம் இல்லை’ என்று நின்றிருக்கும். புதியதற்கு நிற்கத் தெரியாது. நாற்பதுக்கு அப்பால் கணினியின் நினைவகத்தில் முந்தைய நாள் சோதித்த யாரோ ஒருவரின் மிச்சம் கிடந்தது. அதிலிருந்த ரத்த வகையை எடுத்து, கூச்சமே இல்லாமல் ஓட்டுநரின் பேருக்கு அச்சடித்துத் தள்ளியது. ரத்தம் ஏற்றுமுன் மறுபடி பொருத்திப் பார்த்ததால்தான் அவர் பிழைத்தார்.

சீட்டை ஒட்டிய கை யாருடையது? மைத்துனனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடியும்வரை வீட்டில் இரு, தப்பு நிரூபணமானால் வீட்டிலேயே இரு என்றார்கள்.

மாமியார் புலம்பினாள். “என் பிள்ளைக்கு நேரம் சரியில்ல.”

ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதவன் என்று சொல்லிக்கொள்ளும் மின்னல் தலையாட்டினான். “ஆமா அத்தை. நேரந்தான்.”

தண்ணீர் கொண்டுவந்த மனைவி சொம்பை ஓசையுடன் வைத்தாள். “நேரம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. வாட்ச்மேன்தான் இல்ல.”

பிறகு அறைக்குள் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். “விசாரணையில நீங்க சொல்றீங்களா, இல்ல நான் வந்து சொல்லட்டா?”

சொன்னான். தூக்கிய கேள்வியைப் பற்றிச் சொல்லிவிட்டு, ‘மிக மிக அரிதான ஒரு சூழல்’ என்று, விண்கல் விழுந்ததைப்போல விசாரணையில் சொன்னான்.

“அந்தக் கேள்விய மறுபடி போட்டுட்டா?” என்றார் மருத்துவமனை அதிகாரி.

“வேகம் குறையும் சார்,” என்றார் நிறுவன மேலாளர். “அப்புறம் விளம்பரத்த என்ன பண்றது?”

கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மைத்துனனுக்கு வேலை உண்டு. ஆனால் இனிமேல் ஒவ்வொரு சீட்டையும் அவனே கண்ணால் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தூக்கம் கேட்காத, கண் எரியாத இயந்திரம் நொடியின் துளிக்குள் செய்துகொண்டிருந்த வேலை, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சம்பளக்காரனின் தலையில் ஆயுள் முழுக்க ஏறியது. நிரலின் வேகம் துளியும் குறையவில்லை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். மின்னலும் குலுக்கினான்.

மனைவி கேடயத்தை எடுத்து, காற்றில் அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து மின்னலுக்கு வயிற்றில் கட்டி. கத்தி வைத்தே ஆக வேண்டும், ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆய்வக ஜன்னலருகே மின்னல் வியர்த்து நின்றான். உள்ளே மைத்துனன் ஒரு சீட்டை விளக்கில் பிடித்து, குழாயைப் பார்த்து, மறுபடி சீட்டைப் பார்த்து, கையெழுத்திட்டு, அடுத்ததை எடுத்தான்.

“மாப்ள, என்னோடத கொஞ்சம் நல்லாப் பாத்து ஒட்டு. ரெண்டு தடவ பாரு.”

“பாக்கறேன் மாமா. உங்களுக்கு முன்னாடி ஒரு தட்டு இருக்கு.”

“ரொம்ப நேரமாகுமா?”

“ஆகும். உக்காருங்க.”

மின்னல் உட்கார்ந்தான்.