மஞ்சள்காமாலை ஊசியும் ஒரே பாயும்

"ஊசி இலவசமா வந்து குளிர்பெட்டியில கெடக்குது. போட்டுக்கத்தான் ஆளில்ல. மாத்திரைய வாங்கினதும் ஷிஃப்ட்டுன்னு ஓடறாங்க." எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் அக்கா சலித்துக்கொண்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஊசியை நாமே கொண்டுபோனால் என்ன? கல்லூரி முடித்த கையோடு அங்கே தன்னார்வலனாகச் சேர்ந்திருந்தேன். எச்.ஐ.வி. உள்ளவருக்கு மஞ்சள்காமாலை பி-யும் தொற்றினால் ஈரல் சீக்கிரம் கெடும் என்று படித்த நாளிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பெரிய டாக்டரிடம் அனுமதி வாங்கினோம். சுங்குவார்சத்திரம் பக்கத்துத் துணை சுகாதார நிலையத்தில், ஷிஃப்ட் விடும் நேரம் பார்த்து முதல் ஊசி. எங்கள் பிரிவில் மாத்திரை வாங்கும், ஒரகடம் கார் தொழிற்சாலையில் லைனில் நிற்கும் அண்ணன் ஒருவர்தான் முதலில் கையை நீட்டினார்.

மறுநாள் காலை அவரைப் பார்க்க அறைக்குப் போனேன். அங்கெல்லாம் ஒரு பாய்க்கு இரண்டு பேர். பகல் ஷிஃப்ட் எழுந்தால் நைட் ஷிஃப்ட் படுக்கும். அப்படிப் படுப்பவர்கள் ஒருவரையொருவர் பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல், எழுந்திருக்கவில்லை. பங்காளி வேலை முடிந்து வந்து நின்றான். திருநெல்வேலிப் பக்கம்.

"என்ன பங்காளி, எந்திக்கலயா?"

"ஊசி போட்டேன்யா. காய்ச்சல்."

"என்ன ஊசி?"

"மஞ்சக்காமாலைக்கு."

அவ்வளவுதான். போன மழைக்குத் தண்ணீர் கெட்டு அந்தத் தெருவே காமாலையில் படுத்திருந்தது. பங்காளியின் தம்பியை ஊருக்குத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

"காமாலைய வச்சிக்கிட்டா என் பாயில கெடந்த?"

முதல் அடியிலேயே அண்ணனின் தலை சுவரில் மோதியது. தட்டு, வாளி, துணிப்பை எல்லாம் மாடியிலிருந்து பறந்தன. கீழிருந்து ஓனரம்மா கத்தினார். "இன்னாப்பா அங்க? காமாலக்காரன்லாம் என் வூட்ல வாணாம், அனுப்பு!"

நான் நடுவில் பாய்ந்தேன். "தண்ணியில வர்றது வேற காமாலைங்க! இது நோய் வராம இருக்கப் போடற ஊசி!"

"வராத நோய்க்கு எவம்ல ஊசி போடுவான்? இத்தன பேர் இருக்கோம், இவனுக்கு மட்டும் எதுக்கு?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்துக்கும் சேர்த்து அவர் வயிற்றில் ஓர் உதை விழுந்தது. அடுத்த குத்தில் அண்ணனின் உதடு கிழிந்து ரத்தம் கொட்ட, பங்காளி அவர் சட்டையைப் பிடிக்க வந்தான். "தொடாத!" என்று அலறி, பாயில் விழுந்ததைத் தன் சட்டையாலேயே துடைத்தார் அண்ணன். அதைத் திமிர் என்று நினைத்து இன்னும் மிதித்தான்.

பஸ் ஸ்டாப்பில் பையோடு உட்கார்ந்திருந்தோம். "அடுத்த ஊசிக்கு என்னைக் கூப்பிடாத தம்பி," என்றார். முதல் ஊசியோடு விட்டால் பயனில்லை என்று நான் கெஞ்சக் கெஞ்ச, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அவன் கேட்டது சரிதான். எனக்கு மட்டும் எதுக்கு? அவனுக்கும் போடு. அவன் போட்டுக்கிட்டா, அவன் பின்னாடி நின்னு நானும் போட்டுக்கறேன்."

அந்தத் தெரு முழுக்கப் போட ஊசி கேட்டு அக்கா மேலிடத்தில் நச்சரித்துக்கொண்டிருக்கிறார். கிடைக்குமோ, கிடைக்காதோ. ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி அந்த மாடி ஏறப்போகிறேன், பங்காளியைக் கூப்பிட. அடித்தால் வாங்கிக்கொள்வேன். வரிசையில் முதல் கை அவனுடையதாக இருக்க வேண்டும்.