மிளகு மரத்தில் ஒரு நேர்காணல்

ஆங்கிலத்தில் பெரிய வார்த்தைகளிடம் எனக்குப் பயம் கிடையாது. வினைச்சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அப், ஆஃப், அவுட் என்கிற பொடிசுகள்தான் பாடாய்ப் படுத்தின. கல்லூரியில் ஒரு நோட்டு முழுக்க எழுதி மனப்பாடம் செய்தேன். பரீட்சை முடிந்த வாரமே பாதி மறந்துபோயிற்று.

ஒருநாள் அத்தை சோற்றுத் தட்டை என் பக்கம் நகர்த்தி, "மிச்சம் வெக்காம தின்னுபோடு சாமி" என்றார். பொறி தட்டியது. 'ஈட் அப்' என்பது இதுதானே? நம் 'போடு' எதையும் கீழே போடவில்லை, அவர்களுடைய 'அப்' எங்கும் மேலே ஏறவில்லை. இரண்டும் காரியத்தை முடித்துவைக்கின்றன. அன்றைக்கே நோட்டை மூடிவிட்டேன். ஒவ்வொரு பொடிசும் காரியத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று மட்டும் பார்க்கத் தொடங்கினேன்.

போன தை மாதம் அதற்குச் சோதனை வந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு விடுதி அறை பிடித்துத் தரும் ஒரு கம்பெனியில், போனில் பேசுகிற வேலை. ஆபீஸ் சேலத்தில். நேர்காணல் பதினொரு மணிக்கு, அதுவும் போனில்தான். எங்கள் தோட்டத்தில் சிக்னல் நிலையாக நிற்பது மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தின் பாதி உயரத்தில். எப்படியும் மிளகு பறிக்க ஏறத்தான் வேண்டும். இயர்போனை மாட்டிக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறினேன். அத்தை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"வேல கெடச்சா அங்கியும் மரத்து மேல ஒக்காந்துதான் பேசுவியா கண்ணு?"

மறுமுனையில் ஒரு பெண்மணி. விடுதியில் தங்கிய ஒருவரின் புகாரைப் படிப்பார், நான் அதை எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஏ.சி. ஓடவில்லை என்பது வரைக்கும் சிக்கலில்லை. அடுத்து, 'தே புட் அஸ் ஆஃப் ட்வைஸ்'. நோட்டில் எழுதியது சுத்தமாக நினைவில்லை. கை தன்பாட்டுக்கு ஒரு மிளகுச் சரத்தைக் கிள்ளியது. அது கொடியை விட்டு விலகி வந்தது. ஆஃப் என்றால் விலகல். ஆட்களை இன்றைய நாளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் இரண்டு முறை. நாமும் தள்ளிப்போடுவது என்றுதானே சொல்கிறோம். பிறகு பார்க்கலாம் என்று இருமுறை தட்டிக்கழித்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"லைன் போயிருச்சா சாமி?"

போகவில்லை. அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டிருந்தாராம். "மண்டே டிரெய்னிங் வர முடியுமா?" என்றார். முடியும் என்றேன். கீழே குனிந்து அத்தையிடம் சொன்னேன்.

"சந்தோசம். மேல இன்னும் நாலு சரம் தெரியுது பாரு, அதையும் பறிச்சுப்போட்டு எறங்கு."